தயிர் உடையாத எஞ்சின்

என் கணவர் கட்டாருக்குப் போனபோது மோட்டர்சைக்கிளை வீட்டில் விட்டுப் போனார், கூடவே ஒரு வாக்கையும். எஞ்சினைச் செய்து, மணிக்கு நூற்றிருபது கிலோமீற்றரைத் தாண்டி ஓடுகிற மாதிரி ஆக்கி முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாராம். அதற்குப் பிறகு திரும்பிப் போகவே மாட்டாராம். வீட்டுக்கு வருவதற்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படும். சித்தாண்டியில் நாங்கள் இருந்த வீடு என் பெயரில், கிணறு என் பெயரில், முற்றத்துத் தென்னைகூட என் பெயரில். அவருக்கென்று ஊரில் இருந்தது அந்த நூற்றைம்பது சீசீ மோட்டர்சைக்கிள் ஒன்றுதான். அதை என்னவாவது செய்துகொள்ளட்டும், ஆள் வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. அன்றைக்குக் கோல் எடுப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பார், நான் பதில் சொல்லி முடிக்கும் முன்னர் பிஸ்டனுக்குப் போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிற நேரமும் எஞ்சினுக்கே போனது. கிழமைக்குக் கிழமை திட்டம் வளர்ந்தது. பெரிய பிஸ்டன், அதற்கேற்ற பெரிய காபரேட்டர், காற்று தாராளமாகப் போவதற்குத் திறந்த ஃபில்டர், பின் சில்லுக்குச் சின்னப் பல்சக்கரம். ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு மீன் வெட்டுவேன்.

கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வை, இல்லாவிட்டால் பட்டரி செத்துவிடும் என்று சொல்லியிருந்தார். ஓடாத வண்டியை முற்றத்தில் நிறுத்திவைத்துப் புகை விட எனக்கென்ன விசரா? ஏறி ஓட்டினேன். முதலில் கோயிலடி மட்டும், பிறகு கிரான் மட்டும். ஆம்பிளைகளின் மோட்டர்சைக்கிளில் போகிறாள் என்று சிலர் பார்த்தார்கள். பார்த்துக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

தயிர் யாவாரம் அப்படித்தான் வந்தது. வட்டைக்கு அப்பால், வயல்களெல்லாம் முடிகிற இடத்தில், எருமைப் பட்டி வைத்திருக்கிற ஒரு குடும்பம் சட்டிகளில் தயிர் உறையவைக்கும். விடியற்காலையில் போய், பின்னால் கட்டிய பெட்டியில் வைக்கோல் பரப்பிச் சட்டிகளை அடுக்கி, வாழைச்சேனைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். கையில் காசு புழங்கியது. அதைவிட, காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்தது. ஆனால் தயிர் பொல்லாத சாமான். உறைந்த சட்டி ஒரு வெட்டு வெட்டிக் குலுங்கினால் போதும், நடுவே பிளந்து தண்ணி விடும். தண்ணி விட்ட சட்டியை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார்.

போன வருசம் எஞ்சின் புகைக்கத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முந்திப் போனார்கள். ஊரில் கராஜ் வைத்திருக்கிற ஒரு தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரும் கீறுப்பட்டிருக்கிறது, அதைக் குடைந்து போர் அடித்துப் புதுப் பிஸ்டன் போடாமல் சரிவராது என்றான். என் கணவர் துள்ளிக் குதிக்காத குறை. இதுதான் சமயம் என்றார், காசும் அனுப்பினார். அந்தக் காசு ஒருதரம் எஞ்சின் செய்யத்தான் காணும். பிழைத்துப்போனால் திரும்பச் செய்ய எங்களிடம் வழியில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபோனில் வீடியோ பார்த்தேன். எவனெவனோ கையெல்லாம் கறுப்பாக நின்று விளங்கப்படுத்தினான். வேகம் வேறு, இழுவை வேறு என்பது எனக்குப் பிடிபட்டது. கொஞ்சக் காசில் இரண்டையும் வாங்கேலாது. பின் சில்லில் பல் கூடின சக்கரம் போட்டால் மெதுவாக, உறுதியாக இழுக்கும், ஆனால் பறக்காது. பல் குறைந்ததைப் போட்டால் தார் றோட்டில் பறக்கும், பட்டிக்குப் போகிற கிறவல் மண் றோட்டில் ஒவ்வொரு குழிக்கும் கிளச்சைப் பிடித்துப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். பெரிய காபரேட்டர் முழுக்கத் திருகினால் சந்தோசப்படும், அரைவாசி திருகினால் இருமும். நான் என் வாழ்நாளில் முழுக்கத் திருகினதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இதைச் சொன்னேன். கிறவல் றோட்டைச் சொன்னேன், தயிரைச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் வந்துவிட்டால் நீ ஏன் தயிர் தூக்கப்போகிறாய் என்றார். வந்துவிட்டால் என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் என் பல்சக்கரம் நிற்கவில்லை. சரி, உங்கள் எண்ணப்படி செய்யுங்கள் என்றுவிட்டேன்.

கராஜ்காரத் தம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பான். தினமும் ஓட்டுகிற ஆள் பக்கத்திலேயே நின்றாலும் கணக்கில்லை. இந்த ஊரில் பாதி மோட்டர்சைக்கிள்களின் சொந்தக்காரர்கள் கட்டாரிலும் டுபாயிலும் இருக்கிறார்கள், அவனுடைய ஃபோன் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். நான் மர வாங்கில் குந்தியிருக்க, அவன் என் கணவருக்குக் கோல் எடுத்து, காபரேட்டருக்கு இந்த ஜெட் போடவா அந்த ஜெட் போடவா என்று கேட்பான். போர் அடிக்க முன்னர் வெளிச்சாமான்களைப் பூட்டிப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். தம்பியிடம் சும்மா கிடந்த ஒரு பெரிய காபரேட்டர், திறந்த ஃபில்டர், சின்னப் பல்சக்கரம். தம்பி வெறும் வண்டியைத் தார் றோட்டில் ஓட்டிப் போய், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். எஞ்சின் சத்தத்தை ஃபோனில் பதிந்து அனுப்பினான். என் கணவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். என்னுடைய குரலை அப்படிக் கேட்டிருப்பாரோ என்னவோ.

அடுத்த நாள் காலை பட்டியிலிருந்து நல்ல சட்டிகளைத்தான் ஏற்றினேன். கிறவலில் வண்டி மெதுவாகப் போக மறுத்தது. கொஞ்சம் திருகினால் பாய்ந்தது, விட்டால் செத்தது. வாழைச்சேனையில் பெட்டியைத் திறந்தபோது வைக்கோல் நனைந்திருந்தது. கடைக்காரர் ஒரு சட்டியின் கடதாசியை நீக்கிப் பார்த்துவிட்டு, மோர் எப்ப தொடக்கம் விக்கிறீங்க என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கராஜுக்குப் போனேன், உடையாமல் தப்பின இரண்டு சட்டிகளோடு. அவற்றைத் திறந்து காட்டி, நீ நேற்று ஓட்டிப் பார்த்தாய்தானே, இன்றைக்கும் ஓட்டிப் பார், பட்டிக்குப் போகிற றோட்டால் போய்வா என்றேன். தம்பி, கட்டார் அண்ணனுக்கு ஒரு கோல் என்று ஃபோனை எடுத்தான். வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். போனவன் வர நேரமெடுத்தது. வந்தபோது களிசான் பின்பக்கமெல்லாம் தயிர்த் தண்ணி. இறங்கி, பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான். பிறகுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"சரி அக்கா, உங்களுக்கு என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். போர் தேவையான அளவுக்கு மட்டும். பழைய காபரேட்டரையே கழுவிப் பூட்டு. மூடின ஃபில்டர். வால்வைச் சரிபார். கிளச் பிளேட்டும் சங்கிலியும் புதிது. பின் சில்லுக்குப் பல் கூடின சக்கரம். மிச்சக் காசில் பின் ஷொக்கை மாற்று. அவன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டான். நல்லாக ஓடுகிறது என்று சொல், அது பொய்யில்லையே என்றேன்.

நல்லாகத்தான் ஓடியது. இரண்டாம் கியரில் விட்டால் எருமை நடக்கிற மாதிரி நிதானமாக இழுத்தது. சட்டி ஒன்றுகூட உடையவில்லை. வெள்ளிக்கிழமையானால் கோல் வரும். அவர் எஞ்சின் எப்படி என்று கேட்பார், முடிந்தது என்பேன். முடிந்தது என்றால் வரவேண்டும் அல்லவா? அதைத்தான் எதிர்பார்த்தேன். வந்து பார்த்தால் கோபிப்பார் என்பதும் தெரியும். கோபித்தாலும் ஆள் வீட்டிலிருந்து கோபிப்பார் என்று நினைத்தேன்.

வந்தார். மெலிந்து, தலை நரைத்து வந்தார். அடுத்த நாள் தேத்தண்ணி ஆறுவதற்குள் மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் படலையடியில் நின்றேன். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியவர் இறங்கவில்லை.

"இதுல என்ட ஒண்டும் இல்லையே, புள்ள" என்றார்.

திட்டுவார் என்றுதான் ஆயத்தமாக இருந்தேன். அந்தக் குரலுக்கு நான் ஆயத்தமாக இல்லை. ஆயத்தம் இல்லாத நேரங்களில் எனக்குக் கோபம்தான் வரும்.

"நீங்க இஞ்ச நிண்டா எல்லாத்தையும் கழட்டிப் போட்டு, உங்கட எண்ணத்துக்குப் பூட்டுங்க. நான் சட்டிய வெச்சிட்டு வீட்டுல இரிக்கன்."

உண்மையாகத்தான் சொன்னேன். தயிரை விட எனக்கு மனமில்லை, ஆனால் விட்டிருப்பேன். அவர் மோட்டர்சைக்கிளின் டாங்கியைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

"அங்க இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தன்" என்றார்.

கையெழுத்துப் போட்ட கிழமையும் அவர் என்னோடு காபரேட்டரைப் பற்றித்தான் கதைத்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் ஏன் என்று கேட்டேன். அங்கே அவர் ஏசி பூட்டத் தெரிந்த ஆளாம். இங்கே வந்தால் என் வீட்டில் இருக்கிற ஆளாம். நல்ல வேகமாக ஓடுகிற மோட்டர்சைக்கிள் ஒன்றாவது இருந்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். கையெழுத்து இந்த எஞ்சினைக் காணுமுன்னர் போட்டது, ஆகவே பழி என் பல்சக்கரத்தில் இல்லை. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டாலும் துக்கம் குறையவில்லை.

லீவு முடியும்மட்டும் தினமும் என்னோடு பட்டிக்கு வந்தார். பின்னால் சட்டிப் பெட்டி, நடுவில் அவர், முன்னால் நான். வாழைச்சேனைக் கடைக்காரர் அவரிடம் விலை கதைக்கப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிவிட்டு, வெளியே போய் நின்றார்.

போகிற நாள் வந்தது. எயார்போட்டுக்குப் போகிற வான் ஓட்டமாவடியிலிருந்து பின்னேரம் வெளிக்கிடும். பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அவருடைய பயணப்பெட்டியைக் கட்டினோம். அவர் பின்னால் ஏறி, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிரானைத் தாண்டினோம். வண்டி வழக்கம்போல நிதானமாகப் போனது. ஒரு கார் எங்களை முந்தியது, பிறகு ஒரு லொறி, பிறகு ஒரு ஸ்கூட்டிகூட முந்திப் போனது. அவர் இரண்டுதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் காதடியில் குனிந்து கேட்டார்.

"கொஞ்சம் சுறுக்கா ஓட்டன், புள்ள. வான் போயிரும்."

"இது இவ்வளவுதான் ஓடும்" என்றேன்.

அது பொய். கைப்பிடியில் இன்னும் திருக இடமிருந்தது.