மணியின் நாக்கைப் பிடித்த விரல்

இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் உலகம் எனக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உருக்காலை வேலை. உலையின் இரைச்சல் காதிலேயே தங்கிவிடும். பஸ்ஸும் ஆட்களின் பேச்சும் எங்கோ தூரத்தில் போகும். அப்படியொரு காலையில்தான் மகளின் பள்ளிக்கு நேராகப் போனேன்.

அவள் யூகேஜி. ஓரிடத்தில் உட்காருவதில்லை, கத்துகிறாள் என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவளிடமிருந்து சத்தமே வராது. மிஸ் வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ சொல்வதாகவே நினைத்தேன். அவளுக்குத் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிகிறதா என்று பார்க்க அன்று ஓர் ஆலோசகர் வந்திருந்தார். தெரியவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் தோழிகள் ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள். இவள் இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே இருப்பாள்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"மூஞ்சி கூட கழுவாத வந்துகிற. உன்ன பாத்தா உனக்குத்தான் டெஸ்ட் வெப்பாங்க."

செருப்பை ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே ஆலோசகர் மகளின் முன்னால் ஒரு சின்னப் பித்தளைக் கைமணியை வைத்தார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் அடிக்கக் கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜன்னல் கம்பிகளின் நிழல் என் முழங்கால்மேல் கிடந்தது. கண் மூடியது. இமைக்குள் உலையின் ஆரஞ்சு வெளிச்சம் மிதந்தது. ஒரு காதை மட்டும் மணிக்காக விழிக்க வைத்திருந்தேன்.

ஒலிக்கவில்லை. கதவு திறந்தது.

"சமத்து. இப்ப அடிக்கலாம், எவ்ளோ வேணும்னாலும்."

அப்போதும் ஒலிக்கவில்லை.

"ஏன் கண்ணு, பயமா இருக்கா?"

"நைனா தூங்குது," என்று அவள் கிசுகிசுத்தாள்.

இமையைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். மணியைத் தூக்கி, உள்ளே ஆடும் நாக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். எங்கள் ஒற்றை அறை வீட்டில் நான் தூங்கும் பகலில் பாத்திரங்களைத் துணிமேல்தான் வைப்பார்கள். டிவியில் படம் மட்டும் ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுடைய அமைதியும் அதில் சேர்ந்தது என்பது தெரியாது.

"வீட்லயும் இப்படித்தானா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"நைனா நைட்டு போனா பகல்ல பேசக் கூடாது. இஸ்கூலுக்கு வந்துதான் கத்துவேன்."

ஆலோசகர் சிரித்துவிட்டார். வாசலில் நின்ற மிஸ்ஸைப் பார்த்து, "ஒண்ணாவதுக்கே அனுப்புங்க. நடுநடுவுல கொஞ்சம் ஓடவிடுங்க, போதும்," என்றார்.

நான் எழுந்து ஜன்னலருகே போனேன். "முழிச்சிக்கினுதாம்மா கீறேன். அடி."

என் கண்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள். மிஸ் காதைப் பொத்திக்கொண்ட பிறகும் அடிப்பதை நிறுத்தவில்லை.