நான் முனியம்மா

"வாயைத் திறங்க" என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். ஆஸ்பத்திரி லேபில் வேலை. நோயாளியின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக் கிருமி தேட வேண்டும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு இந்த உத்தியோகம். பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புரியும்.

முதல் நாள் கடி

முனியம்மா, கன்னடக்காரரும் தமிழரும் கலந்து வாழும் ஒக்கலிபுரத்தில், எங்கள் தெருவிலும் சேர்த்து, கூடையில் கீரை விற்பவள். டிப்தீரியா வந்து தொண்டை அடைத்துப் படுத்திருந்தாள். குச்சியை விட்டதும் என் விரலைக் கடித்துவிட்டாள். அழாத குறையாக நின்றேன். அவள்தான் கரகரத்த குரலில் தேற்றினாள்: "பயப்படாத கண்ணு, நாளைக்குக் கடிக்கமாட்டேன்."

மூக்கில் வந்த காப்பி

ஊசி மருந்தில் தொண்டை ஆறியது. கிருமி இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் அவள் குடித்த காப்பி மூக்கு வழியாக வந்தது. பேச்சும் மூக்கால்தான் வந்தது.

கிருமி போனாலும் அதன் விஷம் அபூர்வமாகச் சிலருக்கு நரம்பைத் தாக்கும், மெல்லத்தான் சரியாகும் என்றார் டாக்டர். தண்ணீராக எதுவும் வேண்டாம், ராகிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக் குடி என்றார். அவள் கவலை வேறு. "கஞ்சி கெடக்கட்டும் டாக்டரு. கூவாம எப்படிக் கீரை விக்கிறது?"

பச்சை மேகம்

அடுத்து கண். தூரத்தில் வரும் பஸ் தெரியும்; கையில் இருக்கும் கீரை பச்சை மேகம் மாதிரி மங்கும். பரிசோதனைக்குக் கூடையோடு வந்தவளைக் கம்பவுண்டர் சீண்டினார்: "இது அரைக்கீரையா, புல்லா?" அவள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். "அரைக்கீரை. புல்லு உன் தலைக்குள்ள இருக்குது."

புதுக் கூவல்

முன்பெல்லாம் கன்னட வீடுகளுக்குச் "சொப்பு", தமிழ் வீடுகளுக்குக் "கீரை" என்று கூவுவாள். இப்போது இரண்டுமே மூக்கில் நசுங்கி, என்னவென்று புரியாமல் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் கணீரென்று ஒரு குரல்: "அம்மா, நான் முனியம்மா!" ம, ன என்று மூக்கால் பேசினாலும் கெடாத எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். கதவுகள் திறந்தன. கூடை காலியானது.

பிறகு குரலும் கண்ணும் முழுசாகத் திரும்பின. கூவலை மட்டும் அவள் மாற்றவில்லை. எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாள் என் அம்மாவிடம் சொன்னார்: "இத்தனை வருஷம் இவகிட்ட சொப்பு வாங்கினேன். பேரு இப்பத்தான் தெரிஞ்சுது, நோடி, பாருங்க!"

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்துச் சம்பளம் வாங்கும் நான், அந்த எதிர்வீட்டு அம்மாளிடம் இன்னும் என் பெயரைச் சொல்லவில்லை.