தலைக்கு ஊற்றிய பிறகும் இருந்த காய்ச்சல்

இஸ்திரி வண்டியில் நிற்கும்போது எனக்குக் குளிர்ந்தது. கரி கனலும் இஸ்திரிப்பெட்டி கையில் இருக்கிறது, உடம்பு நடுங்குகிறது. காய்ச்சல் என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் தெருவோரம் எங்கள் வண்டி. நானும் வீட்டுக்காரரும் தேய்க்கிறோம்.

அடித்துப் போட்ட மாதிரி வலி. வறட்டு இருமல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். மகள் ஜெயாவைக் காட்டூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். "என் பக்கம் வராதடி" என்று உள்ரூமில் இருக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் சூடு தெரியவில்லை. எங்கள் பக்கம் காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்று கணக்கு. வெந்நீர் வைத்து ஊற்றிக்கொண்டேன். மிளகு ரசம் சோறு சாப்பிட்டேன். பிறகு ஜெயாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டேன். இருமல் மட்டும் இருந்தது. மெதுவாகப் போகும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு உடம்பு சுட்டது. இந்தத் தடவை மெடிக்கலுக்குப் போகவில்லை. அன்றைக்கே தில்லை நகரில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம்.

"வீட்டுல வேற யாருக்கு இருந்துச்சு?"

"எனக்குத்தாங்க. ஆனா நான் தலைக்கு ஊத்திட்டேன்."

"தலைக்கு ஊத்துனா அழுக்குதாம்மா போகும். மாத்திரை போட்டதுல சூடு எறங்கியிருக்கு. கிருமி உள்ளதான் இருந்திருக்கு."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன்.

ஜெயாவின் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். இன்ஃப்ளூயன்சா (இருமலிலும் தும்மலிலும் பரவும் ஃப்ளூ காய்ச்சல்). மாசமாக இருக்கிறவளுக்கு அது நிமோனியா (நுரையீரலில் சளி கட்டுவது) ஆனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். விரலில் கருவி மாட்டி மூச்சுக்காற்று போதுமா என்று பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு. அங்கேயே படுக்கையில் சேர்த்தார்கள்.

"ஆன்டிபயாடிக் ஊசி போட்டா சீக்கிரம் கேக்கும்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"இது வைரஸ்ங்க. அந்த ஊசிக்குக் கேக்காது." ஓசல்டாமிவிர் (வைரஸ் பெருகாமல் தடுக்கும் மாத்திரை) உடனே கொடுத்தார். முதல் நாளே வந்தது நல்லது என்றார்.

எனக்கு இருமல் நிற்கவில்லை என்று என்னை உள்ளே விடவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வந்து வந்து சொல்வார்.

"புள்ளைக்குத் துடிப்பு நல்லா இருக்காம்."

"அவ மூச்சு?"

"பாத்துக்கிட்டிருக்காங்க."

ஒரு நாள் வந்து, "இட்லி கேட்டா. சட்னி சரியில்லன்னு சண்டை போடுறா" என்றார். அன்றைக்குத்தான் எனக்கும் பசித்தது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் மாசமாக இருக்கிறவர்களோ, சர்க்கரைக்காரர்களோ, சின்னப் பிள்ளையோ இருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை அவர்கள் பக்கத்தில் போகாதீர்கள். அப்புறமும் இருமல் இருந்தால் மாஸ்க் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வருஷா வருஷம் தடுப்பூசி இருக்கிறது. மாசமாக இருப்பவர்களும் போடலாமாம். எங்களுக்கு அது தெரியாது. உடம்பு தேறினதும் மூன்று பேரும் போட்டுக்கொண்டோம்.

என் உடம்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. நாலு சட்டை தேய்த்தால் உட்காருகிறேன். துணி கிடக்கட்டும் என்று இருக்கிறது. முன்பு அப்படி இருந்ததில்லை.

போன வாரம் ஜெயா கூப்பிட்டாள். "அம்மா, உதைக்குது. கை வச்சுப் பாரு." கை கழுவிவிட்டு வந்தேன்.

"உள்ள இருக்கறதுக்குமா சோப்பு?" என்று சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்தாள், இருமல் வரவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகுதான் உதை தெரிந்தது.