உறுமலை அடக்கிய பத்து நாள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புத்தகம் வாங்கி வந்து நாய் வளர்க்க முயன்றதும் நான்தான். நாய்களைப் புரிந்துகொள்வது பற்றிய அந்தப் புத்தகத்தைக் கும்பகோணத்தில் வாங்கினேன். வயலுக்கு அப்பாவோடு போய்வரும் எங்கள் நாட்டு நாய்க்கு அதுவரை யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை.

சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் அது உறுமும். உணவின் மேல் நாய் கொண்டாடும் உரிமையை எப்படிக் குறைப்பது என்று புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். தட்டை இழுத்தேன். உறுமினால் சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் தட்டினேன். பத்து நாளில் உறுமல் நின்றுபோனது. அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் நாயின் தட்டில் கோழி வாய் வைத்தது. அம்மா குனிந்து கோழியை விரட்டினாள். நாய் சத்தமே போடாமல் அவள் வலக்கையைக் கடித்துவிட்டது.

சம்பா நடவு நேரம். கையில் கட்டோடு அம்மா நாற்றைத் தொடமுடியாது. நாயைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லித் தெருவே பேசியது. அப்பாவுக்கு மனசில்லை. என்னைக் கேட்டார்.

“நீ படிச்சிருக்கியே, என்ன சொல்ற?”

“கடிச்ச நாய வச்சிக்க முடியாதுப்பா.”

அப்பா அதைச் சாக்கில் போட்டு, வண்டியில் கொண்டுபோனார். செய்தித்தாள் விஷயத்தை நான் சொல்லவில்லை.

நாய்க்கடிக்கான இரண்டாவது ஊசிக்கு அம்மாவோடு போனபோது, வெறி இருக்கிறதா என்று நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனிக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். விட்டுவிட்டோம் என்று அம்மா சொன்னதற்கு, வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லையா என்றார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிட்ட வராதேன்னு அது தினம் சொல்லிக்கிட்டுதானே இருந்துச்சு. அந்த வாயத்தானே நீ அடச்ச?” என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “உங்கப்பாகிட்ட நீயே சொல்லு” என்றாள்.

சொன்னேன். அப்பா திட்டவில்லை. வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலம் தாண்டி, அவர் இறக்கிவிட்ட மூங்கில் புதரடியில் சாக்கு மட்டும் கிடந்தது. “தோ… தோ…” என்று கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் நடந்தார். தொண்டை கட்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“நீ கூப்புடு.”

வாயைத் திறந்தேன். உட்கார், நில், விடு என்று புத்தகத்துச் சொற்களைத்தான் அதனிடம் இதுவரை பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒருநாளும் அதை வா என்று கூப்பிட்டதில்லை. அப்பாவைப் போலவே கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலுக்கு அது ஏன் வரவேண்டும்?