நசர்ஷோவின் முரட்டு ஏசி

என் அக்காள் புருஷன் நசர்ஷோவுக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான். ஒன்று, எங்கள் மலையூர் கோரோக்கிலிருந்து தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேக்கு ஜீப் ஓட்டுவது. இன்னொன்று, அந்த ஜீப்பைப் பற்றி அளப்பது. முதலாவது ஏதோ சுமாராக வரும். ஸ்பானரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ஆள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்தே என் முதுகு போயிற்று.

பழைய ஜப்பான் ஜீப் அது. அதில் ஏசி இருந்தது. வாங்கிய முதல் கோடையிலேயே அது செத்துப்போனது.

"கழட்டிப் போட்டுடலாம் அத்தான். சும்மா ஒரு பாரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுது" என்றேன்.

மனுஷன் பதறிவிட்டார். "ஸ்டாண்டுலயே ஏசி வண்டின்னா நம்ம வண்டி ஒண்ணுதான். மானத்தை வாங்காதே மச்சான்!"

ஏசி செத்தாலும் அதன் பச்சை விளக்கு மட்டும் எரியும். எங்கள் ஜனங்களுக்கு அது போதாதா? பாதாளத்தை ஒட்டிப் போகிற பாதையில் கவலையில்லாமல் தூங்குவார்கள். கழுத்தில் கொஞ்சம் காற்று பட்டால் அலறுவார்கள். கொளுத்துகிற வெயிலிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்காருவார்கள். பச்சை விளக்கைக் கண்டதுமே, "ஏம்பா, அதை அணைப்பா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று கெஞ்சுவார்கள். அத்தான் பெரிய மனசு பண்ணிப் பொத்தானை அமுக்குவார். இப்படியே ஆறு வருஷம் ஓட்டினார். ஒருத்தருக்குக் கூட சந்தேகம் வரவில்லை. அவர்கள் மண்டையில் என்னதான் இருந்ததோ!

இந்தக் கூத்து அவரோடு போயிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? என் அக்காள் மகன் அனோர் துஷான்பேயில் படித்தபோது நிகோரா என்ற பெண்ணை விரும்பினான். கட்டினால் அவளைத்தான் என்று நின்றான். தங்கமான பிள்ளை, அப்பனைப் போல இல்லை. பெண்ணின் அம்மா சனோபர் விதவை, கறாரான பொம்பளை. முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை, இல்லாத தோட்டத்தை இருப்பதாகப் பையனின் அப்பா சொன்னார் என்பதற்காகவே முறித்தவள். "பொய் சொல்ற வீட்டுல நாங்க ரொட்டி தின்ன மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாளாம். எங்கள் வீட்டையும் நேரில் வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்றாள்.

அவளை அழைத்துவர அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவள் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சம்பந்தியம்மா, கவலையே படாதீங்க. நம்ம வண்டியில ஏசி இருக்கு. குளுகுளுன்னு போயிடலாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனோபர் முன்சீட்டில் ஏறினாள். நகரத்துக்காரி, விவரமானவள், பார்த்ததுமே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். எங்கே! ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றினாள்.

"அந்த ஏசியை அணைச்சிடுங்களேன். குளிர் நேரா கழுத்துல அடிக்குது."

பின்சீட்டில் என் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"நம்மளது கொஞ்சம் முரட்டு ஏசிங்க" என்று பூரித்துப்போய்ப் பொத்தானை அமுக்கினார் அத்தான்.

"அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றாள் அவள்.

கணவாயைத் தாண்டி பியாஞ்ச் ஆற்றோரம் இறங்கியபோது எஞ்சினிலிருந்து கிறீச்சென்று சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு வருஷமாக வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த ஏசி கம்ப்ரஸர் சக்கரத்தின் பேரிங் தூளாகியிருந்தது. ஆடிய சக்கரம் பக்கத்து பெல்ட்டை அறுக்க ஆரம்பித்திருந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் சுற்றுவதே அந்த பெல்ட்டால்தான். அதுவும் போனால் நடுவழியில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

"இப்பவே கழட்டணும் அத்தான்."

அவர் என்னை ஓரமாக இழுத்தார். "அந்தம்மா பார்க்குதே மச்சான்! குழாயைக் கழட்டினா உஸ்ஸுன்னு கேஸ் வரணுமே. வரலைன்னா?"

"அதை ஆறு வருஷம் முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"அனோரை நினைச்சுப் பாருடா."

அவனை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. கிழட்டு ஜம்பத்துக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கையா பலி?

அதற்குள் சனோபர் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். "என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணவர். கேஸ் பீறிக்கிட்டு வரும் தம்பி, மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்கோங்க" என்றாள்.

போச்சு என்று நினைத்துக்கொண்டு துருப்பிடித்த நட்டைத் திருகினேன். ஒரு புஸ் கூட வரவில்லை. இன்னொரு குழாய் எந்தக் காலத்திலோ இற்று அறுந்திருந்தது. அதன் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. காய்ந்த மண் கட்டியாகக் கீழே விழுந்தது. சனோபர் குனிந்து அதை எடுத்து விரலால் நசுக்கினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார்.

"சம்பந்தியம்மா, பையன் மேல தப்பே இல்லைங்க. நான்தான்... உண்மையைச் சொல்லிடறேன். இந்த ஏசி..."

நான் அவரைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். கை தானாகச் சால்வைக்குப் போனது. காது வரை சிவந்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" என்று கத்தினாள். "கழட்டினது நல்லதாப் போச்சு. கிளம்பினப்போ இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா என் கழுத்து திரும்பியே இருக்காது."

அத்தான் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "முரட்டு ஏசிங்க" என்றார்.

கம்ப்ரஸரைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். "இனிமேலாவது கண்ணாடியை இறக்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி முறைத்தார்கள்.

"காத்து படும்!"

வெந்துபோய் வீடு வந்து சேர்ந்தோம். என் அக்காள் சூடான ரொட்டியையும் உப்புப் பால் டீயையும் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் அனோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொய் சொல்கிற வீட்டில் ரொட்டி தின்னாத அந்த அம்மாள் ஒரு கையால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, இன்னொரு கையால் எங்கள் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள்.