நீலக் காரின் மூச்சிரைப்பு

"ஸ்ஸ்ஸ்…"

அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள் ராஜலட்சுமி. ஐயோ, கேஸா? ஓடிப்போய்ச் சிலிண்டரின் திருகைத் தொட்டாள். மூடித்தான் இருந்தது. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம், கார் கொட்டகையிலிருந்து வந்தது.

"அத்தா, சூடா வருது! எனக்கு மூச்சு முட்டுது!" அங்கிருந்து ஒரு பெண்ணின் குரல், தன் தகப்பனிடம்.

டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த நீலக் கார் அவள் பிறப்பதற்கு முன்பே கடல் கடந்து வந்தது. கணவன் நிலவழகன் அதைக் கல்யாணங்களுக்கு ஓட்டினான். அவன் மாரடைப்பில் போனதும், "இரும்புக்கு எடை போட்டுரு" என்றார்கள் உறவினர்கள். அவள் லைசென்ஸ் எடுத்து வந்தாள். கீரமங்கலம் கடைவீதியில், "மாப்பிள்ளைய எறக்கிவிட்டுட்டு அப்புடியே சமைச்சும் போட்டுருவியா?" என்று கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவளே ஓட்டினாள்.

நாளை முகமது இப்ராஹிமின் மகள் பாசிலாவுக்கு நிக்காஹ். அவளுக்கு இரைப்பு நோய். போன மாதம் வெக்கையான வேனுக்குள் மூச்சு நின்று, ஆஸ்பத்திரியில் பிழைத்த பெண். அதனால்தான் நாளைக்குப் பேசியிருந்த இந்தக் காரின் ஏசியைப் பார்த்துவிட்டுப் போக மகளோடு வந்திருந்தார் இப்ராஹிம்.

கொட்டகையில் பாசிலா காரை விட்டு இறங்கி, வாயில் மூச்சு மருந்து பம்ப்பை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இப்ராஹிமின் முகம் வெளிறியிருந்தது.

"என்ன தங்கச்சி இது? ஏசின்னு சொல்லிட்டு அடுப்புல உக்கார வைக்கிறிய? நான் வேற வண்டி பாத்துக்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. என்னன்னு பாத்துடுறேன்."

அந்தக் காரில் சூட்டையும் குளிரையும் மாற்றுவது மின்சாரமல்ல. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் காற்றுதான். அந்த உறிஞ்சல் மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியே போய், எஞ்சினின் வெந்நீர் ஹீட்டருக்குள் புகாமல் ஒரு வால்வை இழுத்து மூடி வைத்திருக்கும். குழாயில் சிறு கீறல் விழுந்தாலும் வெளிக்காற்று புகுந்து இழுக்கும் வலு போய்விடும். வால்வு தானாகத் திறந்துகொள்ளும். பிறகு ஏசி எவ்வளவு முயன்றாலும் அனல்தான்.

பானெட்டைத் தூக்கினாள். காதைச் சாய்த்து, ஒவ்வொரு குழாயாக விரலால் கிள்ளிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. பாசிலாவின் இரைப்பும் எஞ்சினின் சீறலும் ஒன்றாகக் கேட்டன. எது எதுவென்று தெரியவில்லை.

ஓரத்துக் குழாயைக் கிள்ளியதும் சீறல் அடங்கியது.

குழாயின் நுனியில் ஒரு நார் முடிச்சு. ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குச் செவ்வந்திச் சரம் கட்டியவள் அவளேதான். பூ வாடியதும் சரத்தை அறுத்து எறிந்தாள், முடிச்சை விட்டுவிட்டாள். எஞ்சின் சூட்டில் காய்ந்து இறுகிய வாழைநார் ரப்பரைக் கடித்துக் கிழித்திருந்தது. கணவன் நினைவாகக் கட்டிய பூ, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்தை நெரிக்கப் பார்த்ததே!

எஞ்சினை அணைத்தாள். "பூ கட்டுன நாருண்ணே, நான்தான் விட்டுட்டேன்" என்று முடிச்சை இப்ராஹிமுக்குக் காட்டினாள். கிழிந்த நுனியைப் பிளேடால் வெட்டி, மிச்சக் குழாயை இழுத்துச் செருகினாள். மறுபடி சாவியைத் திருப்பினாள். சீறல் இல்லை.

"நான் உக்காந்து பாக்குறேன் அத்தா" என்றாள் பாசிலா.

"வேணாம்மா! ஒனக்கு ஒண்ணுன்னா ஒன் உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நாளைக்கு உக்காரணும்ல? இன்னைக்கே தெரிஞ்சுக்குவோம்."

கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்ணின் மார்பு ஏறி இறங்குவதையே இருவரும் பார்த்து நின்றார்கள். ராஜலட்சுமி வேண்டாத தெய்வமில்லை. இப்ராஹிமின் உதடுகள் துஆ ஓதின.

கண்ணாடி மெல்ல இறங்கியது.

"அத்தா… குளிருது. ஏசியக் கொறைக்கச் சொல்லுங்க."

இப்ராஹிம் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் குரல் இளகவில்லை. "நாளைக்கு நான் முன்னாடி உக்காந்து வாரேன். அந்தச் சத்தம் கேட்டா நடுரோடுன்னாலும் நிப்பாட்டிரணும்."

"நீங்க சொல்றதுக்கு முந்தி நிப்பாட்டிருவேண்ணே. இன்னைக்கே எல்லாக் குழாயையும் புதுசா மாத்திடுறேன்."

"செய்ங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "பூ கட்டுறதுன்னா வெளிய கட்டுங்க தங்கச்சி."

தந்தையும் மகளும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். ராஜலட்சுமி கொட்டகைக்குத் திரும்பி, சீறல் மறுபடி கேட்கிறதா என்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பக்கம் காதை வைத்து நின்றாள்.