மச்சினன் மகுடம் சூடிய கதை

ஷட்டர்காரர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். கடையின் இரும்பு ஷட்டர் பாதியில் சிக்கி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அடம்பிடித்தால் அவருக்குத்தான் ஆள் போகும். தோளில் ஏணியும் கையில் கிரீஸ் டப்பாவுமாக வருவார். சுருள்கம்பியை நாலு தட்டுத் தட்டுவார். ஷட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆனால் மனிதரின் மனசெல்லாம் வேறொரு தொழிலில் இருந்தது.

சரித்திர ஆவணப்படம் எடுக்கிற ஒரு கம்பெனியின் கிடங்குக்கு ஷட்டர் சரிசெய்யப் போனபோது தொடங்கிய சங்கதி அது. ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்த இயக்குநர் இவருடைய அகன்ற தோளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாளைக்கு ஒருநாள் சிப்பாயா வந்து நிக்கிறீங்களா?" என்று கேட்டார். போனார். முதல் நாளே அம்பு பட்டு விழுந்தார். அன்றுமுதல் எந்தப் பேரரசு எழுந்தாலும் சரி, எது கவிழ்ந்தாலும் சரி, அதில் ஷட்டர்காரர் சாகாமல் இருந்ததில்லை. மதில் மேலிருந்து உருண்டார். தெர்மோகோல் பனியில் விறைத்தார். "அன்று மாலைக்குள் பல்லாயிரம் வீரர்கள் மாண்டனர்" என்று பின்னணியில் கனத்த குரல் சொல்லும்போது, அந்தப் பல்லாயிரத்தில் முன்வரிசையில் கிடப்பவர் இவர்தான். வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து மகள் தேடுவாள். "அதோ, அப்பாவோட கால்!" என்று கத்துவாள். முகம் மட்டும் ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. என்றைக்காவது தெரியும் என்று அவரும் சலிக்காமல் செத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில்தான் அதே கம்பெனியில் பெரிய தொடர் ஒன்று தொடங்கியது. ஒரு பேரரசன் அரியணை ஏறி, உலகத்தையே ஆட்டிப்படைத்து, கடைசியில் சொந்த மெய்க்காவலன் கையால் செத்துப்போகிற கதை. ஈட்டி பிடிக்க ஆள் குறைகிறது என்றார்கள். ஷட்டர்காரர் தன் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பையன், ஒருநாள் வெயிலில் நிற்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகும் என்று அவர் கண்டாரா?

இயக்குநர் மச்சினனைப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "இந்த மூக்கு! பழைய நாணயத்துல இருக்கிற அதே மூக்குய்யா!" என்று துள்ளினார்.

வீட்டில் கிளிமூக்கு என்று கேலி செய்யப்பட்ட மூக்குதான் அது. அரைமணி நேரத்தில் அதன்மேல் ஒரு மகுடம் ஏறிவிட்டது.

படப்பிடிப்பு ஒரு கல்குவாரியில் நடந்தது. மச்சினனுக்கு நாற்காலி, தலைக்குமேல் குடை, முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி. ஷட்டர்காரர் கம்பளி உடுப்புக்குள் வெந்துகொண்டு புழுதியில் கிடந்தார்.

"மாமா, இங்க நிழல்ல வந்து உக்காருங்க!" என்று அவன் அங்கிருந்து கூப்பிட்டான்.

"எனக்கு வேலை இருக்கு" என்றார். பிணத்துக்கு என்ன வேலை? ஆனாலும் எழுந்து போகவில்லை. அவன் கர்வத்தோடு கூப்பிட்டிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். உண்மையான அன்போடு கூப்பிட்டுத் தொலைத்தான். அதுதான் வயிற்றை இன்னும் எரித்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நின்று தம்பி புராணம் படித்தாள். மகளிடம் பள்ளித் தோழி ஒருத்தி கேட்டாளாம், "உங்க மாமா ராஜான்னா, உங்க அப்பா யாரு?" என்று. "அப்பா செத்துப்போற ஆளு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டே வந்து அப்பாவிடமே சொன்னாள். அவரும் சிரித்துவைத்தார்.

கடைசிப் பகுதி வந்தது. பேரரசனைக் குத்தும் மெய்க்காவலனாக யாரைப் போடுவது என்று இயக்குநர் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தினார். "குத்துறது முக்கியமில்ல. குத்துறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாக்கணும். பல வருஷமா உள்ளுக்குள்ள புழுங்கினவன் பார்வை. உங்களுக்குப் பிடிக்காத யாரையாவது மனசுல நெனச்சுக்குங்க."

ஷட்டர்காரர் யாரையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே மகுடத்தோடு உட்கார்ந்திருந்த மூக்கைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரே டேக்கில் முடிந்தது.

"அண்ணே, இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மச்சினன் சிவப்புச் சாயத்தைத் துடைத்தபடி வந்தான். "மாமா, நெஜமாவே ஒரு நிமிஷம் பயந்துட்டேன்!" என்று தோளில் கைபோட்டுச் சிரித்தான்.

விளம்பரத்துக்கு அந்தப் பார்வையைத்தான் எடுத்தார்கள். பேருந்து நிறுத்தங்களில் ஆளுயரத்துக்கு ஷட்டர்காரரின் முகம். மச்சினனுக்கு அதில் முதுகுதான். மருந்துக்கடைக்காரர், "நீங்கதானே அது?" என்று கேட்டு டீ வாங்கிக்கொடுத்தார். ஷட்டர்காரர் வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தார், மூன்று நிறுத்தம் கூடுதலாக வரும் என்று.

தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான மாலை குடும்பமே டி.வி. முன்னால் இருந்தது. அவர் முகம் திரை முழுக்க வந்தது. மகள் கைதட்டினாள். மனைவி தட்டவில்லை. மகள் எழுந்து போனதும் மெதுவாகச் சொன்னாள்:

"இந்தப் பார்வை எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வாரம் அவன் இங்க சாப்பிட வந்தப்ப, ரெண்டாவது தடவை பரிமாறினேனே, அப்ப பாத்தீங்க. இதே பார்வை."

"அட, அது நடிப்பும்மா."

"உங்களுக்கு நடிக்க வராதுங்க. வந்திருந்தா இத்தனை வருஷம் பொணமாவா போட்டிருப்பாங்க?"

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அவருடையது ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போது பேருந்து நிறுத்தம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் இரண்டு நாள் கழித்து மனைவியிடம் கேட்டார்.

"தெரியாது. மாமா எனக்காக உயிரைக் கொடுத்து நடிச்சாருன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறான், பைத்தியக்காரன்."

அந்த வாரக் கடைசியில் மச்சினன் சாப்பிட வந்தான். ஷட்டர்காரர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு எத்தனை தடவை பரிமாறினாள் என்று எண்ணவுமில்லை. எண்ணாமல் இருக்கப் படாத பாடு பட்டார். பாதிச் சாப்பாட்டில் அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்:

"மாமா, மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஊர் முழுக்க பேனர் வெப்பாங்களாம். எல்லாம் நீங்க கூட்டிட்டுப் போனதால வந்தது."

உள்ளே சுருக்கென்றது. மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்தார். பேருந்து நிறுத்தத்து முகமேதான் நின்றது. வாயை அகட்டிப் பார்த்தார். பல்வலிக்காரன் போல இருந்தது. புருவத்தை உயர்த்தினார். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். மறுபடி ஒருமுறை முயன்றார். கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும், அது கலைவதற்குள் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"ரொம்ப சந்தோஷம்டா" என்றார்.

மச்சினன் எழுந்து எச்சில் கையோடு அவரைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தாள்.

"பரவாயில்ல," என்றாள், "இன்னும் கொஞ்சம் பழகணும்."